அது உரல் சத்தம்தான்

காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் காரைக் கெடுப்பதில்லை. சத்தம் கேட்டதும் கராஜில் கொண்டுபோய் விட்டுவிடுகிறான். முழுக்கத் தெரிந்தவனும் கெடுப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற கூட்டம். அதன் லண்டன் கிளைக்கு நான்தான் தலைவர். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளையை நோர்த் சேர்க்குலர் வீதியோரத்தில் வேட்டியோடு நிற்க வைத்தவன் என்ற பெருமையும் எனக்கு மட்டும்தான் உண்டு. வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், பதவியை விட்டுத் தருகிறேன்.

லண்டனுக்கு வருமுன் நான் ஜெர்மனியில் ஒரு கார்த் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்தேன். இது உண்மை. எந்தப் பகுதியில் வேலை என்று ஒருவரும் கேட்டதில்லை, நானாகச் சொன்னதுமில்லை. (கன்டீனில். உருளைக்கிழங்கு உரிப்பது. கார் செய்தவர்கள் நான் உரித்த கிழங்கைச் சாப்பிட்டுத்தான் செய்தார்கள், ஆகையால் எனக்கும் அதில் பங்கு உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள்.) இங்கே எங்கள் ஊர்க்காரர் மத்தியில் என் பெயர் 'ஜெர்மன்காரன்'. யாராவது கார் வாங்கப் போனால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் எஞ்சினுக்கு மேலுள்ள பொனற்றைத் திறக்கச் சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உள்ளே கொஞ்ச நேரம் பார்த்து "ம்" என்பேன். அந்த 'ம்'முக்கு அப்படி ஒரு மரியாதை.

எனக்கென்று நான் வாங்கியது நான்கு சக்கரங்களையும் எஞ்சின் இழுக்கிற பெரிய வண்டி. ஒரு குளிர்காலத்தில் ஹரோவில் பனி கொட்டி எங்கள் தெருவே அசையாமல் கிடந்தது. அந்தக் கோபத்தில் வாங்கினேன். அதன் பிறகு அப்படிப் பனி விழவேயில்லை. மலையேறுகிற வண்டியில் சூப்பர்மார்க்கெட்டுக்கும் மகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் போய் வந்தோம்.

முன் டயர் இரண்டும் தேய்ந்தபோது டூட்டிங் பக்கத்தில் நம்மவர் ஒருவரின் டயர்க் கடைக்குப் போனேன். இந்த வகை வண்டிக்கு நாலையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும், முன்னுக்கு ஒரு அளவும் பின்னுக்கு ஒரு அளவும் இருக்கக் கூடாது என்றார் அவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தம்பி, நான் ஜெர்மனியில கார் பாக்டரியில இருந்தனான்" என்றேன். அவர் ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு பேசாமல் முன்னுக்கு மட்டும் இரண்டு புது டயரைப் பூட்டிவிட்டார். பின்னுக்கு இரண்டும் மொட்டையாகிக்கொண்டிருந்த பழசு.

அடுத்தது உரல். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஆட்களின் செத்தவீடுகளில் பெட்டிக்குப் பக்கத்தில் உரலும் உலக்கையும் வைத்து, பாட்டுப் படிக்கப் படிக்க உறவுக்காரர் மாறி மாறிச் சுண்ணம் இடிப்பார்கள். மஞ்சளும் வாசனைச் சாமான்களும் சேர்த்து இடித்த பொடி. அதைத்தான் இறந்தவருக்குக் கடைசியாகப் பூசுவது. லண்டனில் எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஒரே ஒரு மர உரல், ஒரு ஆள் தூக்கக்கூடியது. அதற்கு நிரந்தர வீடு கிடையாது. கடைசியாக நடந்த செத்தவீட்டில் யார் ஏமாந்தவரோ அவரிடம் இருக்கும். அந்தக் கோடையில் ஏமாந்தவர் நான். (பெரிய கார் வைச்சிருக்கிறீர், போட்டுக்கொண்டு போம் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் செத்தவீட்டு மண்டபத்தில் ஒரு சனம் இல்லை.)

வீட்டுக்கு வந்தால் என் மனைவி வசந்தி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். செத்தவீட்டு உரல் வீட்டுக்குள் வரக் கூடாது. தோட்டத்து ஷெட்டுக்குள்ளும் கூடாது. எங்கள் காணிக்குள்ளேயே வரக் கூடாது. ஆகவே உரல் காரின் டிக்கியிலேயே குடியிருந்தது. அது காணிக்குள் வராமல் இருப்பதற்காகக் காரையும் தெருவில் நிறுத்தினேன். இப்படியும் ஒரு மனிசன்.

சத்தம் அதற்குப் பிறகுதான் என் காதில் விழுந்தது. கார் புறப்படும்போது அடியில் ஒரு 'கடக்'. பிரேக் பிடிக்கும்போது இன்னொரு 'கடக்'. டிக்கியில் படுத்திருக்கிற உரலும் புறப்படும்போதும் நிற்கும்போதும்தானே உருளும்? நோயைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. என்ன சத்தம் என்று வசந்தி கேட்டாள். அது உரல் என்றேன்.

பிறகு நேராக ஓடும்போது அடியிலிருந்து ஒரு ஊளை வரத் தொடங்கியது. கவுன்சில்காரன் ரோட்டைச் சரியாகப் போடவில்லை என்றேன். கார் நிறுத்துமிடங்களில் ஸ்டியரிங்கை முழுக்க வெட்டித் திருப்பினால் வண்டி விக்கி விக்கித் துள்ளியது. யாரோ சக்கரத்தைப் பிடித்து இழுக்கிற மாதிரி முரண்டு பிடித்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் அப்படித்தான், பலம் கூட என்றேன். ஒரு நாள் எண்ணெய் கருகும் மணம் வந்தது. முன்னால் போன லொறியைக் கை காட்டினேன். ஆக, ஒவ்வொரு கோளாறுக்கும் வெளியில் ஒரு குற்றவாளி இருந்தான். என் கார் மட்டும் நிரபராதி.

வசந்திக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் அவள் சத்தத்தைக் கேட்டாள்.

"அது பின்னுக்கில்லையப்பா. என்ர காலுக்குக் கீழ கேக்குது. உரலை இறக்கிப்போட்டு ஒருக்கா ஓடிப் பாருங்கோவன்."

"இறக்கலாம். எங்க வைக்கிறது? வீட்டுக்குள்ளயோ?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் வென்றுவிட்டேன். அந்த வெற்றியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நானே ஒரு அறை விட வேண்டும்போல இருக்கிறது.

ஒக்டோபரில் வசந்தியின் பெரியம்மா லண்டனின் கிழக்குப் பக்கம் மனோர் பார்க்கில் காலமானார். அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவர் ரவி, தாயோடு அதே வீட்டில் இருந்தவர். இளையவன் சுதன், கனடாவில். வேலை, விசா, பிள்ளைகளின் படிப்பு என்று ஒன்று மாறி ஒன்று வந்து, பல வருடமாக அவன் தாயிடம் வரவில்லை. கடைசிக் காலம் முழுக்கத் தொலைபேசித் திரையில்தான் முகம் பார்த்தார்கள். வாற மாதம் வாறன் அம்மா, வாற மாதம் வாறன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவரும் ஓம் ராசா, ஓம் ராசா என்று சொல்லிக்கொண்டே இருந்து, போய்விட்டார்.

எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். லண்டனில் கொள்ளி என்பது ஒரு பொத்தான். அதை அமத்துவதற்கும் மயானக்காரர் தருகிற நேரம் கொஞ்சம்தான். நம்முடைய நேரம் முடிந்தால் அடுத்த குடும்பம் பெட்டியோடு வெளியில் நிற்கும். சுதனின் விமானம் செத்தவீட்டன்று காலையில்தான் வந்து இறங்குவதாக இருந்தது.

ஹீத்ரோவில் எலிசபெத் லைனில் ஏறினால் இடையில் ஒரு தரம் மாறி மனோர் பார்க்கிலேயே இறங்கலாம், அவன் அப்படியே வரட்டும் என்று வசந்தி சொன்னாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தாயைப் பறிகொடுத்துவிட்டு வருகிற பிள்ளையை ரெயினில் வரச் சொல்வதா? பிறகு எதற்கு இப்படியொரு வண்டி? உரலும் என்னிடம்தானே இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவருகிறேன் என்றேன். ரவி தொலைபேசியில் ஒன்றுதான் கேட்டார்.

"மச்சான், நேரத்துக்கு வந்திடுவீரே?"

"அது என்ர பொறுப்பு."

வசந்தி விடிய முன்னமே மகளோடு மனோர் பார்க்குக்குப் போய்விட்டாள். நான் ஹீத்ரோவுக்குப் போனேன். விமானம் பிந்தித்தான் வந்தது. (என் பக்கத்தில் சொல்லக்கூடிய நியாயம் இது ஒன்றுதான், ஆகையால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) சுதன் விமான நிலையத்துக் கழிப்பறையிலேயே வேட்டி மாற்றி, அதற்கு மேலே கனடாக் குளிருக்குப் போடுகிற தடித்த ஜாக்கெட்டோடு வந்தான். என்னைக் கட்டிப்பிடித்தான். கண்கள் வீங்கியிருந்தன.

அந்த மாடிக் கார் நிறுத்துமிடத்தின் சுழல் பாதையில் இறங்கும்போது வண்டி ஒவ்வொரு வளைவிலும் முனகியது, துள்ளியது. கீழே வந்து பிரேக் பிடித்ததும் கடக்.

"என்ன சத்தம் அத்தான்?"

"அது உரல்" என்றேன், பழக்க தோஷத்தில்.

எந்த உரல் என்று கேட்டான். அங்கேயாவது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். சுண்ணம் இடிக்கிற உரல் என்று சொல்லிவிட்டேன். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அதன் பிறகு கார் ஒவ்வொரு முறை நின்று புறப்படும்போதும் கடக். அவன் தோள் ஒரு தரம் குலுங்கும். நோர்த் சேர்க்குலரில் அன்றைக்குச் சரியான நெரிசல். ஊர்ந்து, நின்று, ஊர்ந்து போனோம். கடக். கடக். தாய்க்குச் சுண்ணம் இடிக்கிற சத்தத்தை அந்தப் பிள்ளை வழி முழுக்க என் காருக்குள் தனியாக இருந்து கேட்டுக்கொண்டு வந்தான். அதுவும் என்னுடைய பொய்ச் சத்தம்.

கடைசியில் அவனால் முடியவில்லை. "அத்தான், ஒருக்கா நிப்பாட்டுங்கோ. என்னால கேக்க ஏலாமல் கிடக்கு. நான் அதை மடியில வைச்சிருக்கிறன்" என்றான்.

வழியில் ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் திருப்பினேன். அவன் இறங்கி டிக்கியைத் திறந்து, உரலைத் தூக்கிக்கொண்டு பின் இருக்கையில் ஏறினான். குழந்தையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். உலக்கையை நான் அவன் காலடியில் குறுக்காக வைத்தேன். பெற்றோல் அடித்துக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்காரர் எங்களைப் பார்த்தபடி தன் காருக்குள் அடிப்பதை மறந்து நிலத்துக்கு அடித்தார். வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். காரை எடுத்தேன்.

கடக்.

நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அவனும் கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், உரல் என்ர மடியில கிடக்கு."

மாதக்கணக்காக நான் செய்ய மறுத்த சோதனையை, தாய் செத்து வந்தவன் வேட்டியோடு இருந்து செய்து முடித்துவிட்டான். கார்தான் பதில் சொன்னது. மீண்டும் பெரிய வீதியில் ஏறி வேகமெடுக்க மிதித்தபோது அடியில் டமாரென்று ஒன்று வெடித்தது. தொடர்ந்து இரும்புப் பற்கள் ஒன்றையொன்று அரைக்கிற ஓசை. எஞ்சின் கத்தியது, சக்கரங்களுக்கு ஒரு சொட்டுப் பலமும் போகவில்லை. வந்த வேகத்திலேயே ஒருமாதிரி உருட்டி ஓரத்துக்குக் கொண்டுவந்தேன்.

முழங்காலில் நின்று கீழே குனிந்து பார்த்தேன். வசந்தி தன் காலுக்குக் கீழே என்று சொன்ன அதே இடத்தில், எஞ்சினின் பலத்தை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி பிளந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் வெக்கை முகத்தில் அடித்தது. முன் டயர் கொழுத்துப்போய் இருந்தது, பின் டயர் சூம்பிப்போய் இருந்தது. ஒரு காலுக்குக் குதியுயர்ந்த செருப்பும் மற்றக் காலுக்குத் தட்டைச் செருப்பும் போட்டுக்கொண்டு மாதக்கணக்காக நடந்தால் இடுப்பு என்ன ஆகும்? சின்னச் சக்கரம் ஒரு வேகத்திலும் பெரிய சக்கரம் இன்னொரு வேகத்திலும் சுற்ற, அந்த இழுபறி முழுவதையும் நடுவிலிருந்த அந்தப் பெட்டி தாங்கியிருக்கிறது. ஊளையிட்டதும் அதுதான், விக்கியதும் அதுதான், கருகியதும் அதுதான், கடைசியில் செத்ததும் அதுதான். ஜெர்மனியில் நான் ஒரு கிழங்கைக்கூட இதைவிடக் கவனமாகப் பார்த்தேன்.

டாக்சிக்குத் தொலைபேசி அடித்தேன். முதலில் வந்தவர் அங்கே நிறுத்தப் பயந்து, நிற்காமலே போய்விட்டார். அடுத்ததற்குக் காத்து நின்றோம். லொறிகள் போகிற காற்றில் சுதனின் வேட்டி பறந்தது. ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் உரலையும் பிடித்துக்கொண்டு நின்றான். உரலை நான் வைத்திருக்கிறேன் என்று கையை நீட்டினேன். தரவில்லை.

ரவி திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார். எங்கே நிற்கிறோம் என்று கேட்டார். பிறகு, பார்த்துப் பார்த்து முடியாமல் மண்டபத்தில் எல்லாம் செய்து பெட்டியை எடுத்துவிட்டோம் என்றார். உரல் இல்லாததால் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த இஞ்சி இடிக்கிற சின்னக் கல்லில் பேருக்குச் சுண்ணம் இடித்தார்களாம். கடைசி அழைப்பில் அவருடைய குரல் உள்ளே போயிருந்தது. மயானத்தில் நிற்கிறோம், அடுத்த ஆட்கள் வந்துவிட்டார்கள், இனி அவர்கள் பொறுக்க மாட்டார்கள், என்ன செய்வது மச்சான் என்று என்னைக் கேட்டார். என்னை! நான் வாயைத் திறக்குமுன் சுதன் தொலைபேசியை வாங்கினான்.

"அண்ணை, அம்மாவைச் சுணக்க வேண்டாம். நீங்கள் கொள்ளியை வையுங்கோ."

அவ்வளவுதான். தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு உரலை நிலத்தில் வைத்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்த லொறி இரைச்சலுக்குள் வாய்விட்டு அழுதான். நான் பக்கத்தில் நின்றேன். அவன் தோளைத் தொடுகிற தகுதி எனக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

டாக்சி கிடைத்து நாங்கள் மயானத்துக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் சனம் பின்பக்கத்துப் புல்வெளியில் மலர் வளையங்களுக்குப் பக்கத்தில் நின்றது. உரலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுதன் நடந்து வருவதைக் கண்டதும் பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். ரவி ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டார்; இருவருக்கும் நடுவில் உரல். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்து நாலு பேச்சுப் பேசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

சுதன் உரலைப் புல்லில் வைத்தான். சுண்ணத்துக்குரிய சாமான் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டான். வசந்தி தன் கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் வருவான் என்று எடுத்து வைத்திருக்கிறாள். அவன் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு உலக்கையைத் தூக்கி இடிக்கத் தொடங்கினான். யாரோ பாட்டை எடுத்தார்கள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கறுப்புக் கோட் போட்ட ஊழியர் ஒருவர் உள்ளே அடுத்த குடும்பத்தின் பிரார்த்தனைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று சொல்ல வந்தார் போலும். சுதனின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

தொம், தொம் என்று மெத்தென்ற சத்தம். இத்தனை நாள் அந்த உரலைச் சுமந்து திரிந்தும் அன்றைக்குத்தான் அதைக் காதுகொடுத்துக் கேட்டேன். என் காரில் கேட்டதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பூச உடம்பில்லாத அந்தப் பொடியைச் சுதன் கடைசியில் தன் நெற்றியில் பூசிக்கொண்டான்.

கார் திரும்பி வரவில்லை. அதைத் திருத்துவதைவிட இன்னொன்று வாங்கலாம் என்று கராஜில் சொன்னார்கள். வசந்தி என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு வரைக்கும் சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைக்கிற சத்தம் ஒன்றுதான் எங்களுக்குள் நடந்த உரையாடல். எட்டுச்செலவன்று ரவி எல்லாருக்கும் முன்னால் தீர்ப்புச் சொன்னார். உரல் இனிமேல் இவரிடமே நிரந்தரமாக இருக்கட்டும். ஆனால் ஒரு செத்தவீட்டுக்கும் காரில் ஏற்றக் கூடாது, ரெயினில்தான் கொண்டுவர வேண்டும். துக்க வீட்டில் முதல் தடவையாக நாலு பேர் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. வசந்தி மனமிரங்கி ஷெட்டுக்குள் இடம் கொடுத்தாள். எங்கள் ஆட்களில் யார் கண்ணை மூடினாலும், மரக்கறி வாங்குகிற தள்ளுவண்டிப் பையில் உரலை இறக்கி, உலக்கையைத் தோளில் சாய்த்து, மெட்ரோபொலிட்டன் லைனில் ஏறுகிறேன். ஒரு தரம் ஒரு பெண்மணி இது மேளமா என்று கேட்டார். ஓம் என்றேன். எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். அதற்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அடுத்த ஸ்டேசனில் இருக்கை மாறிவிட்டார்.

வீட்டிலும் எனக்கு விமோசனம் இல்லை. வோஷிங் மெஷின் அதிர்ந்தால் நிலம் சரியில்லை என்று நான் வாயைத் திறப்பேன். "முதல்ல உரலை இறக்கிப்போட்டுச் சொல்லுங்கோ" என்பாள் வசந்தி. மகளுக்கு மார்க் குறைந்தால் டீச்சர் சரியில்லை என்பாள். தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் "உரலை இறக்கு பிள்ளை" என்பாள். என் முழங்கால் வலிக்குக் குளிர்தான் காரணம் என்று நான் சொன்னபோது டொக்டரிடமே வசந்தி இதைச் சொல்லிவிட்டாள். அவர் மலையாளி. இப்போது அவருக்கும் கதை முழுக்கத் தெரியும்.

போன வருடம் பெரியம்மாவின் திவசத்துக்குச் சுதன் வந்தான். ஹீத்ரோவுக்கு நான் வரவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரெயினில் வந்து இறங்கினான், நேரத்துக்கு. சாப்பாட்டு மேசையில் வழக்கம்போலக் கதை தொடங்கியது. ரவி என்னைப்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "அது உரல்" என்று நடித்துக் காட்டினார். சுதன் இந்தக் கதைக்கு இதுவரை சிரித்ததில்லை. அன்றும் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அப்போது என் மகள், எல்லாருக்கும் அப்பாதானே உரல் கொண்டு போகிறார், அப்பாவுக்கு யார் கொண்டு வருவது என்று கேட்டுவிட்டாள். ரவி பின்னால் கட்டியிருந்த கையை எடுத்துவிட்டார்.

சுதன்தான் நிமிர்ந்தான்.

"அத்தானுக்கு நான் கொண்டு வருவன். ஆனா இப்பவே சொல்லிப்போட்டன், கொஞ்சம் பிந்தித்தான் வருவன்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வசந்தி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து புரையேறிவிட்டது. அவன் சொன்னது இப்போது கனடாவரைக்கும் போய், குடும்பத்தில் எந்தக் கொண்டாட்டத்திலும் யாராவது ஒருவர் எடுத்து விடுகிற பகிடியாகிவிட்டது. நான் மறுத்துப் பேசுவதில்லை. அவன் எவ்வளவு பிந்தினாலும் வந்து சேரும்வரைக்கும் என் பெட்டியை எடுக்க வேண்டாம் என்று ரவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.